பரிபாடல்: மெட்டு தொலைந்த சாமிப் பாட்டை இன்று எப்படிச் சொல்வது?

தேனி மாவட்டம் பொட்டிபுரம் என்றதும் பலருக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். அந்தப் பக்கம் போடியைத் தொட்டு ஓடும் கொட்டக்குடி ஆறு, கடைசியில் வைகையில் போய்ச் சேர்கிறது. அந்த வைகையையும் திருமாலையும் முருகனையும் பாடும் பழைய நூல்தான் பரிபாடல். இருந்தவை 70 பாடல்கள் என்பார்கள். முழுசாகக் கிடைத்தவை 22. உ.வே.சாமிநாதையர் 1918-ல் பதிப்பித்தார்.

மெட்டு இருக்கிறதா?

இல்லை. பண்ணின் பெயரும் இசை வகுத்தவர் பெயரும்தான் மிச்சம். வைகை வெள்ளத்தைப் பாடும் 6-ஆம் பாடலை எழுதியவர் நல்லந்துவனார், பண் பாலையாழ், இசை மருத்துவன் நல்லச்சுதனார். (அப்பவே ஒரு டாக்டர் மியூசிக் டைரக்டர்!) கிரேக்கர்கள் கொடுத்துவைத்தவர்கள். டெல்ஃபியில் 1893-ல் கிடைத்த அப்பல்லோ துதிகளில், பாட்டோடு இசைக்குறிகளையும் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள்.

அப்போ என்ன செய்வது?

கவிதையாகச் சொல்லிக் காட்டலாம். புது மெட்டும் போடலாம். ஆனால் அதைச் சங்ககால இசை என்று விற்கக் கூடாது. சந்தி பிரித்து, பொருள் முடியும் இடத்தில் மூச்சு விட்டு வாசித்தாலே பாதி புரிந்துவிடும். ஒரே வேகம் வேண்டாம். குறில் எழுத்துகள் அடுக்கி வரும் ‘அராகம்’ பகுதி ஓட வேண்டும், மற்ற இடங்களில் நிதானம். முதல்முறை சொல்பவர்கள் 8 வைகைப் பாடல்களில் ஆரம்பிக்கலாம். வெள்ளம், நீராடும் கூட்டம், காதலர் ஊடல் எல்லாம் இருப்பதால், சாமி கும்பிடாதவரும் உட்கார்ந்து கேட்பார்.