1856ல் ஒரு டாக்டர் சொன்ன கேமரா ரிவ்யூ

1)
இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்ல. கேமரா பத்தி ஒரு நீளமான த்ரெட். டீ போட்டு வச்சுக்கிட்டு வாசிங்க.

போன வாரம் திருவேங்கடத்துல ஓ.பி. முடியுற நேரம் ஒரு அப்பா, காய்ச்சலோட பையனைக் கூட்டிட்டு வந்தார். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கிறவர். மருந்து எழுதி முடிச்சதும் தயங்கிக்கிட்டே கேட்டார்.

"சார், இவன் பழைய கேமரா ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுதான். சின்ன டிஎஸ்எல்ஆராம். பதினஞ்சாயிரம் சொல்லுதாவ. நீங்களும் ஒண்ணு வச்சிருக்கீயளாமே, நல்லதா சார்?"

2)
அவருக்கு ரெண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோணுச்சு. "விலை கம்மி, எடை கம்மி கேமராவை நம்பி வாங்கலாமா?" என்ற கேள்விக்கு நம்ம நாட்டில் கிட்டத்தட்ட 170 வயசு ஆகுது. அதுக்கு அந்தக் காலத்திலேயே அடிச்சுப் பதில் சொன்னவர் ஒரு டாக்டர்.

பேரு ஜான் மெக்கோஷ். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சர்ஜன். 1840களிலேயே கேமராவைக் கையில எடுத்தவர். 1848-49 சீக்கியப் போர், 1852 பர்மா போர் ரெண்டுலயும் படம் எடுத்தார். போர்க்களத்துக்குக் கேமரா கொண்டுபோன உலகின் முதல் சிலரில் ஒருவர்.

3)
இந்தியாவுக்கு வரும் அதிகாரிகளுக்காக அவர் 1856ல் ஒரு அறிவுரைப் புத்தகம் போட்டார். அதுல நமக்கு வேண்டிய விஷயம் ரெண்டு.

ஒண்ணு, உதவி சர்ஜனா வர்ற ஒவ்வொருத்தரும் போட்டோகிராபியை ஒழுங்கா கத்துக்கணும்.

ரெண்டு, கேமரா நல்ல மஹாகனி மரத்துல, பித்தளைக் கட்டு போட்டு, வெயிலைத் தாங்குற மாதிரி கனமா இருக்கணும். இந்தியாவுக்குன்னே லேசா, மடக்குற மாதிரி செஞ்சு விக்கிற கேமரா சீக்கிரமே உதவாமப் போயிடும்.

அதாவது "காம்பாக்ட் வாங்காதே". கையில வச்சு அடிபட்ட ஒரு ஓனரின் கருத்து இது. இன்னைக்கும் கேமரா கடையில போய் நின்னா இதே வசனம் காதுல விழும். மஹாகனிக்குப் பதிலா மெட்டல் பாடின்னு சொல்வாங்க, அவ்வளவுதான்.

4)
அதே 1856ல் மெட்ராஸிலும் ஒரு டாக்டர் இதே வேலையா இருந்தார். சர்ஜன் அலெக்சாண்டர் ஹன்ட்டர். 1850ல் மெட்ராஸ் ஓவியப் பள்ளியைத் தொடங்கினவர். இன்னைக்கு எழும்பூர்ல இருக்கிற கவின் கலைக் கல்லூரி அதோட தொடர்ச்சிதான். மெட்ராஸ் போட்டோகிராபி சங்கம் 1856ல் உருவானதுலயும் அவர் பங்கு பெருசு.

அதே ஆண்டு மெட்ராஸ் அரசு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசு போட்டோகிராபரா நியமிச்சது. அவர் மாட்டுவண்டிகள்ல சாமான் ஏத்திக்கிட்டு ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்னு போனார். 1858ல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படமா எடுத்து ஒட்டினார். மொத்த நீளம் சுமார் 19 அடி.

முடிவு என்னாச்சு? 1859ல் கவர்னரா வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், இது ஆடம்பரச் செலவுன்னு நிறுத்திட்டார். அரசாங்கத்துக்கே கட்டுப்படியாகாத சமாச்சாரமா இருந்தது போட்டோ.

5)
அப்புறம் விலை இறங்க ஆரம்பிச்சது. 1888ல் ஈஸ்ட்மனின் முதல் கோடக் 25 டாலர். 1900ல் கோடக் பிரௌனி ஒரே ஒரு டாலர். அட்டைப் பெட்டி, ஒரு சாதா லென்ஸ், அவ்வளவுதான் அது.

நம்ம ஊர் பிரௌனின்னா ஆக்பா கிளிக் 3. பரோடாவுல தயாரானது. ஒரு ரோலுக்கு 12 படம். உங்க தாத்தா ஆச்சி கல்யாண ஆல்பம் சதுரமா, கறுப்பு வெள்ளையா இருந்தா, பெரும்பாலும் இந்த மாதிரி ரோல்ல எடுத்ததாத்தான் இருக்கும்.

ஃபிலிமையும் நாமளே செய்யணும்னு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் வந்தது. 1960ல் நிறுவனம், 1967ல் உற்பத்தி. பிராண்ட் பேரு "இந்து". மூத்த டாக்டர்களுக்கு இந்தப் பேரு நல்லா ஞாபகம் இருக்கும். நெஞ்சு எக்ஸ்ரே பாக்கிற பிலிமும் அங்கிருந்துதான் வந்தது.

6)
ஆனா கேமரா விலை இறங்கினாலும் ஒரு செலவு இறங்கவே இல்ல. ஃபிலிம், கழுவுற கூலி, பிரிண்ட். பட்டனை அமுக்குற ஒவ்வொரு தடவையும் காசு. அதனால ஏழை வீட்ல போட்டோன்னா கல்யாணத்துக்கு, இல்லன்னா சாவுக்கு.

எங்க பக்கம் வயசானவங்க பலர், "நான் மொத மொத படம் புடிச்சதே ஓட்டு அட்டைக்குத்தான்"னு சொல்லிக் கேட்டிருக்கேன். டி.என். சேஷன் தேர்தல் ஆணையரா இருந்தப்போ, 1993ல் வந்த புகைப்பட அடையாள அட்டை அது. முகத்துக்கு முதல்ல கேமரா காட்டினது அரசாங்கம்!

இதை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் இங்கதான் திரும்பி வருவோம்.

7)
இப்போ டிஎஸ்எல்ஆர் கதைக்கு வருவோம். முதல்ல எஸ்எல்ஆர்னா என்ன?

லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை உள்ள இருக்கிற ஒரு கண்ணாடி மேல திருப்பி உங்க கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அமுக்கினா கண்ணாடி மேல தூக்கிக்கும், வெளிச்சம் நேரா ஃபிலிமுக்குப் போகும். "டக்"னு கேக்குதே, அது கண்ணாடி தூக்குற சத்தமும் சேர்ந்தது. ஃபிலிம் இருந்த இடத்துல சென்சாரை வச்சா டிஎஸ்எல்ஆர்.

1991ல் கோடக் இதைச் செஞ்சு வித்தது. நிக்கான் எஃப்3 பாடி, 1.3 மெகாபிக்சல், படத்தைச் சேமிக்கத் தோள்ல தனியா ஒரு பெட்டி. விலை சுமார் 20,000 டாலர். 1999ல் நிக்கான் டி1 வந்தப்போ 6,000 டாலருக்குக் கீழே வந்தது. அதுவும் பத்திரிகைக்காரங்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

8)
திருப்பம் 2003 ஆகஸ்ட். கேனான் 300டி. 6.3 மெகாபிக்சல், பாடி 899 டாலர், 18-55 லென்ஸோட 999. டிஎஸ்எல்ஆர் ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கினது அப்போதான்.

எப்படி இறக்கினாங்க? கண் வைக்கிற இடத்துல கனமான கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலா லேசான சின்னக் கண்ணாடிகள். உலோகத்துக்குப் பதிலா வெள்ளி நிற பிளாஸ்டிக். ஆனா சென்சார் மட்டும், அதைவிட விலை அதிகமான அண்ணன் 10டியோட அதே தரம்.

ஓனர்கள் என்ன சொன்னாங்க? "பொம்மை மாதிரி இருக்கு", "பார்க்கிற ஜன்னல் மங்கல்", "வேணும்னே சில வசதிய பூட்டி வச்சிருக்கான்". சிலர் மாற்று ஃபர்ம்வேர் போட்டு அந்தப் பூட்டைத் திறக்கவும் செஞ்சாங்க. திட்டிக்கிட்டே எல்லாரும் வாங்கினாங்க.

9)
2006ல் நிக்கான் டி40. லென்ஸோட 599 டாலர், பாடி அரைக் கிலோகூட இல்ல. எடையும் விலையும் குறைய, பாடிக்குள்ள இருந்த ஃபோகஸ் மோட்டாரை எடுத்துட்டாங்க. விளைவு? விலை மலிவா கிடைச்ச பழைய 50 எம்எம் லென்ஸை மாட்டினா ஆட்டோஃபோகஸ் ஆகாது, கையால திருகணும். மோட்டார் லென்ஸுக்குள்ளயே இருக்கிற மலிவான 35 எம்எம் 2009லதான் வந்தது.

2013ல் கேனான் 100டி. பாடி 400 கிராம் சொச்சம். அந்த அளவு சென்சார் உள்ள டிஎஸ்எல்ஆர்கள்ல அன்னைக்கு உலகத்துலயே சின்னது. "கை பெருசா இருக்கிறவனுக்குச் சுண்டுவிரல் வைக்க இடமில்ல" என்பது ஓனர்களின் குறை. "பையில கிடக்குறதே தெரியல, அதனால தினமும் எடுத்துட்டுப் போறேன்" என்பதும் அவங்க சொன்னதுதான்.

10)
சரி, நம்ம ஊர் ஓனர்கள் என்ன சொல்றாங்க? தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். பிராண்ட் பேரு வேண்டாம்.

முதல் ஆள், ஒரு ஸ்கூல் வாத்தியார். லீவு நாள்ல கழுகுமலை வெட்டுவான் கோயில், சமணச் சிற்பம்னு கேமராவோட அலையுறவர். "சார், கரிசக்காட்டுக் காத்துல லென்ஸ் மாத்தினேன்னா செத்தேன். வானத்தை எடுத்தா கறுப்புப் புள்ளி. சென்சார்ல தூசி. சீசனுக்குக் குற்றாலம் கொண்டுபோய் ஈரத்தோட பையில வச்சேன், லென்ஸுக்குள்ள பூஞ்சை."

மெக்கோஷ் சொன்னது வேற என்ன? நம்ம வெயிலும் தூசியும் ஈரமும் லேசான கேமராவைச் சும்மா விடாது. மனுஷன் தப்பா சொல்லல.

11)
ரெண்டாவது ஆள், ஸ்டுடியோ வச்சிருக்கிற அண்ணாச்சி. ஃபிலிம் காலத்துல இருந்து தொழில்ல இருக்கார்.

"பாடி பிளாஸ்டிக்கு டாக்டர். கூட வர்ற லென்ஸ் இருட்டுல திணறும். கோயில் கொடைக்கு ராத்திரி ஃப்ளாஷ் இல்லாம ஆவாது. ஆனா ஒண்ணு சொல்லுதேன். ஃபிலிம் காலத்துல என்னைய வயசானவங்க வீட்டுக்குக் கூப்பிட்டா, பாதி நேரம் அவங்க இறந்த பொறவுதான். நாற்காலியில சாத்தி வச்சு, கண்ணு மூடுனபடி எடுப்போம். இந்தக் கேமரா வந்த பொறவுதான் கொடையில உக்காந்திருக்க கிழவன் கிழவிய எல்லாம் சும்மா எடுத்துப் போட்டேன். காசா பணமா, பட்டன் தானே!"

12)
எனக்கு அங்கதான் புரிஞ்சது. விலை குறைஞ்ச டிஎஸ்எல்ஆர் செஞ்ச பெரிய காரியம், கேமரா விலையைக் குறைச்சது மட்டும் இல்ல. நல்ல லென்ஸ், பெரிய சென்சார் வச்ச ஒரு கருவியில ரெண்டாவது படத்துக்குச் செலவு பூஜ்யம்னு ஆக்கினது. ஸ்டுடியோ அண்ணாச்சி கணக்குப் பார்க்காம ஒரு முகத்தை எடுக்க முடிஞ்சது அதனாலதான்.

13)
இப்போ என் கதை. நான் டிஎஸ்எல்ஆர் வாங்கினது சுகர் புண்ணை எடுக்க. வாரா வாரம் அதே தூரம், அதே வெளிச்சம், பக்கத்துல ஒரு ஸ்கேல். புண் சுருங்குதா, கறுக்குதான்னு நோயாளிக்கே காட்டலாம். டியூப்லைட்ல சிவப்பு நிறம் சரியா வராது, அதனால நிறத்தை நானே செட் பண்ணிடுவேன். கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எடுப்பேன்.

ஒரு பாட்டி. (குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் எழுதுறேன், அடையாளம் மாத்தியிருக்கேன்.) கால்ல புண்ணு, மூணு மாசம் வந்துபோனாங்க. ஆறி முடிஞ்ச அன்னைக்கு வழக்கம்போல காலைப் படம் எடுத்தேன். பாட்டி சிரிச்சாங்க.

"ஏன் டாக்டரய்யா, வாரா வாரம் காலையே படம் புடிக்கீய. மூஞ்சிய ஒரு தடவ புடிச்சா என்ன?"

சேலைத் தலைப்பைச் சரி பண்ணி ஜன்னல் பக்கம் உக்காந்தாங்க. நாலு படம் எடுத்தேன். பிரிண்ட் போட்டுத் தரேன்னு சொன்னேன். மறந்துட்டேன்.

14)
ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க மகன் வந்தார். பாட்டி முந்தின நாள் ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்க.

"அம்மாவுக்கு நல்ல படமே இல்ல டாக்டரய்யா. ஆதார்ல இருக்கதுதான். அது எங்க அம்மா மாதிரியே இல்ல. கால் படம் எடுப்பீயள்லா, அதுல எங்கயாவது முகம் தெரியுமா?"

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். நாலு படமும் இருந்தது. மூணாவதுல பாட்டி பாதி சிரிப்புல இருந்தாங்க. அண்ணாச்சி ஸ்டுடியோவுல பெருசா பிரிண்ட் போட்டோம். 24 மெகாபிக்சல், சுருக்கம் ஒவ்வொண்ணும் தெரிஞ்சது. மகன் அதைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசல.

நான் மறக்காம இருந்திருந்தா, பாட்டியே அதைப் பார்த்திருப்பாங்க. அந்தக் குறை எனக்கு இன்னைக்கும் இருக்கு.

15)
இப்போ டிஎஸ்எல்ஆர் காலம் முடியுது. 2012ல் உலகம் முழுக்க சுமார் 1.6 கோடி டிஎஸ்எல்ஆர் கம்பெனிகள்ல இருந்து கிளம்புச்சு. 2023ல் அது சுமார் 12 லட்சம். போனும், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸும் அந்த இடத்தை எடுத்துக்கிச்சு. அதனாலதான் அந்தப் பையனுக்கு ஒரு நல்ல பழைய கேமரா பதினஞ்சாயிரத்துக்குக் கிடைக்குது.

16)
ஆக, அந்த அப்பாவுக்கு நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன். வாங்கலாம். வாங்குறதுக்கு முன்னாடி நாலு டெஸ்ட்.

லென்ஸைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. உள்ள நூல் மாதிரி, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, வேண்டாம்.
துளையை எஃப்16 வச்சு வெள்ளைச் சுவரை எடுங்க. கறுப்புப் புள்ளி இருந்தா சென்சார்ல தூசி. சுத்தம் பண்ற செலவைக் கழிச்சு விலை பேசுங்க.
அவங்க தர்ற லென்ஸ் அந்தப் பாடியில ஆட்டோஃபோகஸ் ஆகுதான்னு கடையிலேயே பாருங்க.
ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு கேளுங்க.

போன்ல நல்லா படம் வந்தா போனே போதும், கடன் வாங்கி எதுவும் வாங்க வேண்டாம்.

17)
எதுல எடுத்தாலும் சரி, வீட்ல இருக்கிற வயசானவங்களை இந்த வாரமே எடுங்க. ஜன்னல் பக்கம் உக்கார வச்சு, அவங்க பேசிக்கிட்டு இருக்கும்போது. எடுத்ததோட விடாம பிரிண்ட் போட்டு அவங்க கையில குடுங்க. நான் செய்யாம விட்டது அது.

பையனுக்குக் காய்ச்சல் இறங்கிருச்சுன்னு போன் வந்தது. வர்ற வெள்ளிக்கிழமை ரிவ்யூவுக்கு வரச் சொல்லியிருக்கேன். கேமரா வாங்கிட்டானான்னு கேக்கணும்.

உங்க வீட்டு முதல் கேமரா எது, அதுல எடுத்த முதல் முகம் யாருன்னு கீழ எழுதுங்க.