நன்றியறிதல் திருநாளும் சிப்பிப் பூரணமும்

சிப்பி என்னும் சொல்லைக் கேட்டதும் ஈழத்து மக்களின் உள்ளத்தில் எழுவன மன்னார்க் கடலும், அதன் பார்களிலே மூழ்கிய முத்துக் குளிப்போரும், அவர் கரைக்குக் கொணர்ந்த முத்துக்களுமே. அத்திலாந்திக் மாகடலின் மேற்குக் கரையில் வாழும் ஐக்கிய அமெரிக்க மக்களுக்கோ சிப்பி என்பது முதன்மையாக ஓர் உணவுப் பொருள். அவர்கள் உண்ணும் சிப்பி வேறோர் இனம். அணிகலனுக்குரிய முத்து அதில் விளைவதில்லை. ஆயினும் ஆண்டில் ஒருமுறை, நவம்பர் மாத நான்காம் வியாழக்கிழமையன்று வரும் நன்றியறிதல் திருநாளிலும், அதனை அடுத்து வரும் நத்தார்ப் பண்டிகையிலும், அச்சிப்பிக்கு அங்கே பல இல்லங்களில் தனி மதிப்பு உண்டாகின்றது. விருந்தின் நடுவே பொரித்த வான்கோழி வீற்றிருக்க, அதன் பக்கத்திலே பாணுஞ் சிப்பியும் கலந்து சுட்ட ஒரு பண்டம் வைக்கப்படுகின்றது. ‘ஒயிஸ்ரர் டிரெசிங்’ என்பது அதன் பெயர். எளிய பண்டமே எனினும், அதன் கதை ஒரு கடற்கரையின் வாழ்வும் தாழ்வும் ஆகும்.

அதனை ஆக்கும் முறை அரியதன்று. ஒரு நாள் பழகிய பாணைத் துண்டுகளாக்கி உலர்த்துவர். வெங்காயத்தையும் செலரித் தண்டையும் வெண்ணெயில் வதக்கி, சேஜ், தைம் முதலிய வாசனை இலைகளைச் சேர்ப்பர். ஓடு நீக்கிய சிப்பிகளையும், அவற்றின் ஓட்டினுள் இருந்த உவர்நீரையும் பாணோடு கலந்து பிசறுவர். இக்கலவையை வான்கோழியின் வயிற்றினுள் அடைத்துச் சுட்டால் அது பூரணம். தட்டில் இட்டுத் தனியே போறணையில் வைத்துச் சுட்டால் அது டிரெசிங். தென் மாநிலத்தார் எவ்வாறு சுட்டாலும் இரண்டாம் பெயரையே பெரிதும் வழங்குவர். வான்கோழியின் இறைச்சி எளிதில் வறண்டு போகும் இயல்புடையது. சிப்பியின் நீரை உண்ட பாண் அவ்வறட்சிக்கு ஈரமும், கடலின் உவர்ச் சுவையும் தருகின்றது. இவ்விணைப்பின் நுட்பம் இதுவே.

நன்றியறிதல் திருநாளின் மூலத்தை மக்கள் 1621 ஆம் ஆண்டில், பிளிமத் என்னும் குடியேற்றத்தில் நிகழ்ந்த அறுவடை விருந்தோடு தொடர்புபடுத்துவர். அவ்விருந்தைப் பற்றி எட்வேட் வின்சுலோ என்பவர் எழுதிய கடிதத்தில் வேட்டையாடிய பறவைகளும், பூர்வ குடியினர் கொணர்ந்த 5 மான்களும் பேசப்படுகின்றன. சிப்பிப் பூரணம் பேசப்படவில்லை. இப்பண்டத்தின் வேரை வேறு இரண்டு இடங்களிலே தேடுதல் வேண்டும்.

ஒன்று இங்கிலாந்தின் அடுக்களை. 1660 ஆம் ஆண்டில் வெளிவந்த ரொபேட் மே என்பவரின் சமையல் நூலிலே, ஆட்டிறைச்சியைச் சிப்பியோடு சமைக்கும் முறைகள் காணப்படுகின்றன. ஊனுணவுக்குச் சிப்பியைத் துணையாக்கும் அவ்வழக்கத்தைக் குடியேறிகள் தம்மோடு கொண்டு சென்றனர். மற்றொன்று அவர்கள் சென்று சேர்ந்த கரை. அக்கரையின் பூர்வ குடியினர் பன்னெடுங் காலமாகச் சிப்பியை உண்டு வந்தவர்கள். மெயின் மாநிலத்தின் டமரிஸ்கோட்டா ஆற்றங்கரையில் அவர்கள் உண்டு எறிந்த ஓடுகள், ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பல நூற்றாண்டுகளாகக் குவிந்து, மேடுகளாய் உயர்ந்து நின்றன. அம்மேடுகளுள் ஒன்றினை 1886 ஆம் ஆண்டு முதல் வெட்டியெடுத்துக் கோழித் தீவனமாக அரைத்து விற்றனர். நியூ யோர்க் துறைமுகத்தில் இன்று சுதந்திரதேவியின் சிலை நிற்கும் தீவும், அதற்கு அண்மையிலுள்ள எல்லிஸ் தீவும் ஒல்லாந்தர் காலத்தில் சிப்பித் தீவுகள் என்றே வழங்கின. அந்நகரில் முத்துத் தெரு என்று பொருள்படும் பெயருடைய ஒரு வீதி இன்றும் உண்டு. அப்பெயர் முத்தினால் வந்ததன்று; அன்றைய கரையோரத்தில் சிதறிக் கிடந்த சிப்பி ஓடுகளால் வந்தது.

அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சேறிய முதற் சமையல் நூல், அமேலியா சிமன்ஸ் என்னும் பெண்மணி 1796 இல் ஹாட்போட் நகரில் வெளியிட்டது. நூலின் முகப்பிலே தம்மை ஓர் அநாதை என்று அவர் அறிவித்துக் கொண்டார். கோழியின் வயிற்றினுள் சிப்பிகளை நிரப்பித் தைத்து வேக வைக்கும் முறை அந்நூலிலே கூறப்படுகின்றது. 1824 இல் வெளிவந்த மேரி ரண்டொல்பின் வேர்ஜீனிய நூலிலே, அவித்த வான்கோழிக்குச் சிப்பிக் குழம்பு துணையாகின்றது. 1896 இல் பனி பாமர் வெளியிட்ட பொஸ்ரன் நகர்ச் சமையற் பள்ளி நூலிலே சிப்பிப் பூரணம் ஒரு தனித் தலைப்பாகவே இடம்பெறுகின்றது. நூறாண்டுக் காலத்தில் அது நாடறிந்த பண்டமாயிற்று.

அது அவ்வாறு பரவியமைக்குத் தலையாய காரணம் மலிவு. 19 ஆம் நூற்றாண்டின் நியூ யோர்க்கில் 6 சதத்துக்கு விரும்புமளவு சிப்பி உண்ணும் கடைகள் இருந்தன. வறியவனும் செல்வனும் ஒரே பண்டத்தை உண்டனர். விலையுயர்ந்த இறைச்சியைப் பலருக்கும் பங்கிட வேண்டிய இல்லத்தரசிக்குச் சிப்பி கைகொடுத்தது.

அடுத்த காரணம் பருவம். ஆங்கில மாதப் பெயர்களில் ‘ஆர்’ என்னும் எழுத்து வரும் மாதங்களிலேயே சிப்பி உண்ணத் தக்கது என்பது அந்நாட்டுப் பழமொழி. செப்டெம்பர் முதல் ஏப்ரில் வரையுள்ள மாதங்கள் அவை. கோடையில் சிப்பி இனம்பெருக்கிச் சத்துக் குன்றும். வெப்பத்தால் விரைவிற் கெடும். குளிர் வந்ததும் சதை திரண்டு சுவை மிகும். எனவே அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் திருநாட் காலமும், சிப்பி செழிக்கும் காலமும் ஒன்றாயின. சேரா ஜொசீபா ஹேல் என்னும் பத்திரிகாசிரியையின் நெடிய முயற்சியின் பின்னர், உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஒக்டோபர் 3 இல் ஆபிரகாம் லிங்கன் நன்றியறிதல் நாளை நாடு முழுவதற்கும் அறிவித்தார். இருப்புப் பாதைகள் உள்நாட்டை நோக்கி நீண்டு கொண்டிருந்த காலம் அது. பால்டிமோர் நகரில் பீப்பாய்களிலும் தகரப் பேணிகளிலும் அடைக்கப்பட்ட சிப்பி, கடலையே கண்டிராத சிற்றூர்களுக்கும் சென்றது. அங்கு அது நாள்தோறும் கிடைக்கும் பொருளன்று. ஆகவே பண்டிகைப் பொருளாயிற்று.

இவ்விருந்தின் பின்னால் நின்ற கைகளையும் நினைத்தல் தகும். தோமஸ் டவுனிங் என்பவர் 1791 இல் வேர்ஜீனியாவின் சிங்கொற்றீக் தீவிலே, அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1825 இல் நியூ யோர்க்கின் புறோட் தெருவிலே அவர் ஒரு சிப்பி உணவகத்தைத் திறந்தார். வங்கியாளரும் அரசியலாளரும் அங்கு வந்து உண்டனர். சிப்பி நிறைத்து அவித்த வான்கோழி அவ்வுணவகத்தின் பெயர்பெற்ற பண்டங்களுள் ஒன்று. மேலே செல்வர்கள் விருந்துண்ண, கீழே நிலவறையில் தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகள் மறைத்துக் காக்கப்பட்டனர் என வரலாற்றாசிரியர் கூறுவர். கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 1866 ஏப்ரில் 9 இல் நிறைவேறியது. மறுநாள் டவுனிங் காலமானார். அந்நகரின் பெருவணிகர் சங்கம் அவருக்கு மரியாதை செய்யும் பொருட்டுத் தன் கதவுகளை அடைத்தது. நகரத்துச் செல்வர்க்கெல்லாம் விருந்தளித்த அம்மனிதர், அந்நாட்டுச் சட்டத்தின் முன் முழுக் குடிமகனாக வாழ்ந்தது ஒரே ஒரு நாள்.

டவுனிங்கின் பெயராவது நிலைத்தது. பெயரின்றி உழைத்தோர் பல்லாயிரவர். செசப்பீக் விரிகுடாவின் தொழிற்சாலைகளில் கத்தியால் ஓடு பிளந்தவர்களுட் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். மெக்சிக்கோ வளைகுடாக் கரையிலே, மிசிசிப்பி மாநிலத்தின் பிலொக்சி முதலிய ஊர்களில், சிறு பிள்ளைகளும் ஓட்டுக் குவியல்களின் நடுவே நின்று சிப்பி உரித்தனர். 1911 இல் லூயிஸ் ஹைன் அவர்களைப் படம் பிடித்தார். குழந்தைத் தொழிலுக்கு எதிரான இயக்கத்துக்கு அப்படங்கள் சான்றாயின.

தெற்கிலே இப்பண்டம் வேறொரு வடிவம் கொண்டது. பூர்வ குடியினரின் சோளமும், ஆபிரிக்க வழிவந்த சமையற்காரரின் கைத்திறனும் கூடி, பாணுக்குப் பதிலாகச் சோள உரொட்டியை உதிர்த்துச் செய்யும் வழக்கம் அங்கே வேரூன்றியது. லூசியானாவிலோ பிரெஞ்சுப் பாணும், வெங்காயம், செலரி, குடைமிளகாய் என்னும் மூன்றன் கூட்டும் அதற்கு அடிப்படை. அம்மாநிலத்தின் சிப்பித் தொழிலை வளர்த்தவர்களுட் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கவர் அத்திரியாத்திக் கடலோரத்து டல்மேசியாவிலிருந்து 19 ஆம் நூற்றாண்டிலே வந்து குடியேறிய குரோவேசியர் ஆவர். இவ்வாறு ஒரு தட்டிலே பல இனத்தாரின் உழைப்பும் சுவையும் ஒன்று கூடின.

ஆனால் கடல் வற்றாக் களஞ்சியம் என்று எண்ணியவர் பிழைபட்டனர். மேரிலாந்து மாநிலத்தில் 1884-85 ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் புசல் சிப்பி வாரப்பட்டது. இரும்பு வாரிகள் பார்களைச் சுரண்டின. களவாக வாருவோரை அடக்க 1868 இலேயே அம்மாநிலம் சிப்பிக் காவற்படை ஒன்றை அமைக்க நேர்ந்தது. சிப்பிக் குஞ்சு சிறிது காலம் நீரில் மிதந்து திரிந்து, பின்னர் ஒரு வன்பொருளிலே ஒட்டிக்கொண்டு வளரும் இயல்புடையது. பழைய ஓடே அதற்குச் சிறந்த பற்றிடம். அவ்வோடுகளையோ சுண்ணாம்பு சுடவும், தெருப் போடவும், கோழித் தீவனத்துக்கும் அள்ளிச் சென்றனர். தாய் வீட்டையே பெயர்த்தெடுத்த பின் பிள்ளை எங்கே குடியிருக்கும்?

கேடு பின்னர் வேறு வழிகளிலும் வந்தது. நகரக் கழிவு கலந்த நீரில் வளர்ந்த சிப்பியால் 1924-25 குளிர்காலத்தில் நெருப்புக் காய்ச்சல் பரவி, ஏறத்தாழ 1,500 பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். நியூ யோர்க் நகரின் இறுதிச் சிப்பிப் பார் 1927 இல் மூடப்பட்டது. 1957 இல் டெலவெயர் விரிகுடாவிலும், 1959 இல் செசப்பீக்கிலும் புதியதொரு கொள்ளைநோய் தோன்றிச் சிப்பிகளை அழித்தது. முன்னர் கோடிக் கணக்கிற் புசல் கண்ட மேரிலாந்தின் விளைவு, 2003-04 ஆம் ஆண்டுப் பருவத்தில் ஏறத்தாழ 26,000 புசலாகச் சுருங்கியது. 2010 ஏப்ரிலில் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த போது, எண்ணெயைக் கரையணுகாது தள்ளும் பொருட்டு ஆற்று நீரைத் திறந்துவிட்டனர். உப்புத் தன்மை குறைந்தமையால் லூசியானாவின் பார்களிலே சிப்பிகள் பெருந்தொகையாக மடிந்தன. புளொரிடாவின் சிப்பிகளிற் பெரும்பங்கை ஒரு காலத்தில் அளித்த அப்பலச்சிக்கோலா விரிகுடாவிலும் வளம் குன்றி, 2020 டிசெம்பரில் சிப்பி வாருதல் தடை செய்யப்பட்டது.

இதனால் பண்டத்தின் பொருளே தலைகீழாயிற்று. முன்னாளில் அரிய இறைச்சி பலருக்குக் காணும்படி மலிவான சிப்பியைச் சேர்த்தனர். இந்நாளிலோ, அரிய சிப்பி பலருக்குக் காணும்படி பாணைச் சேர்க்கின்றனர். பாட்டி தாராளமாக அள்ளியிட்ட சிப்பியைப் பேத்தி எண்ணி இடுகின்றாள். ஆயினும் பண்டிகை நாளில் அத்தட்டு மேசைக்கு வராது போனால், விருந்து நிறைவு பெறவில்லை என்று கருதும் குடும்பங்கள் அக்கரையோரங்களிலே இன்றும் உள்ளன. கடலில் வளம் அருகிய பின்னும் அடுக்களையில் அவ்வளத்தின் நினைவு அழியவில்லை.

அந்நினைவு வீணாகவும் போகவில்லை. வளர்ந்த சிப்பி ஒன்று ஏற்ற சூழலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 190 லீற்றர் வரை நீரை வடிகட்டித் தூய்மையாக்க வல்லது. சிப்பிப் பார் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பது. இவற்றை உணர்ந்தோர் 2014 இல் நியூ யோர்க்கில் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, 2035 ஆம் ஆண்டுக்குள் 100 கோடிச் சிப்பிகளைத் துறைமுக நீரிலே குடியமர்த்த உறுதி பூண்டனர். அவை உண்பதற்கு அல்ல, நீரைக் காப்பதற்கே. அதே ஆண்டில் லூசியானாவிலும் உணவகங்களின் வெற்றோடுகளைச் சேர்க்கும் பணி தொடங்கிற்று. சேர்த்த ஓடுகளை மாதக் கணக்கில் வெயிலிற் காயவிட்டுத் துப்புரவாக்கி, கரையோர நீரில் மீண்டும் பரப்புகின்றனர். விருந்தினர் உண்டு ஒதுக்கிய ஓட்டிலே, கண்ணுக்குப் புலப்படாத சிறு சிப்பிக் குஞ்சு வந்து ஒட்டிக்கொள்கின்றது.