கயிறு அறுந்தால்?

சென்ற ஆண்டு ஊரிலிருந்து மும்பைக்கு வந்திருந்த நம் அன்னையாரை உறவினர் ஒருவர் இல்லத்திற்கு அழைத்துச் சென்றோம். இல்லமோ ஏழாம் மாடியில். லிப்ட் என்று யாவரும் வழங்கும் மின்தூக்கியின் வாயிலில் தயங்கி நின்ற அன்னையார், “கயிறு அறுந்தால் என்ன கதி, அப்பா?” என்று வினவினார். விடை கூற இயலாது விழித்தோம். முழங்கால் வலியோடு அவர் படியேறினார், நாமும் பின்தொடர்ந்தோம். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

மின்தூக்கியின் வரலாறே அவ்வினாவிற்கு விடை தேடிய வரலாறு எனலாம். பாரத்தைக் கயிறு கட்டி மேலேற்றும் கலை மிகப் பழமையானது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆலைகளில் நீராவியால் இயங்கும் ஏற்றப் பொறிகள் இருந்தன. ஆயினும் கயிறு அறுந்தால் மேடை வீழும் என்னும் அச்சம் நீங்கவில்லை. மூட்டைகள் ஏறின, பொதுமக்கள் படிகளையே நாடினர்.

1852-இல், நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில், கட்டில் செய்யும் ஆலையொன்றில் பணியாற்றிய எலைஷா ஓட்டிஸ் என்பார் எளிய வழியொன்று கண்டார். வண்டிக்குரிய வில்லொன்றை மேடையின் உச்சியில் பொருத்தினார். கயிறு இறுகியுள்ள வரை வில் வளைந்து நிற்கும். கயிறு அறுந்தாலோ வில் விரிந்து, அதன் முனைகள் இருபுறத்துத் தண்டவாளப் பற்களில் மாட்டிக்கொள்ளும்.

1854-இல் நியூயார்க் பளிங்கு மாளிகைப் பொருட்காட்சியில், திரண்ட மக்கள் முன்னிலையில், அவர் தாமே அம்மேடைமீது உயர ஏறி நின்று கயிற்றை வெட்டச் செய்தார். மேடை சிறிதே இறங்கி நின்றுவிட்டது! 1857 மார்ச் 23 அன்று அந்நகரின் ஐந்தடுக்குக் கடையொன்றில் மக்கள் ஏறும் முதல் தூக்கி இயங்கத் தொடங்கியது. அதன் வேகம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 40 அடி. 1880-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் சீமென்ஸ் மின்சாரத்தால் இயங்கும் தூக்கியைக் காட்டினார்.

இன்றைய தூக்கியில் எஃகுக் கயிறுகள் பல. அவற்றின் ஒரு முனையில் கூண்டு. மறு முனையில் எதிர்எடை. இவ்விரண்டும் தராசுத் தட்டுகள்போல் நிற்பதால், மோட்டார் இடைப்பட்ட வேறுபாட்டை மட்டுமே தூக்குகிறது. கூண்டு அளவு மீறி விரைந்தால், வேகங்காட்டும் கருவி ஆப்புகளை இயக்கித் தண்டவாளத்தை இறுகப் பற்றச் செய்கிறது. மின்சாரம் நின்றால் பிரேக் தானே பிடித்துக்கொள்கிறது. விடுவிக்கத்தான் ஆற்றல் வேண்டும். பற்றுதல் அதன் இயல்பு.

இரயில்வேயில் எழுத்தராகக் காலங்கழிக்கும் நமக்கு இது புதிதன்று. பெட்டிகளின் ஊடே செல்லும் குழாயில் காற்றழுத்தம் உள்ளவரை பிரேக் விலகி நிற்கும். இணைப்பு அறுந்தால் வண்டி தானே நிற்கும். 1872-இல் வெஸ்டிங்ஹவுஸ் கண்ட நெறி அது. பழுது நேருங்கால் காப்பாக அமைவதே சிறந்த பொறியின் இலக்கணம்.

இதனால் விளைந்த மாறுதலோ பெரிது. முன்னர்ப் பாரிஸ் மாநகரில் செல்வர் கீழ் மாடிகளில் வாழ, வறியோர் பல படியேறி உச்சியறைகளில் ஒதுங்கினர். தூக்கி வந்தபின் உச்சி மாடியே உயர்ந்த விலை பெற்றது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் அன்னையாரிடம் எடுத்துரைத்தோம். வில்லும் ஆப்பும் அவர் கருத்தைக் கவரவில்லை. “பிறரை ஏற்றுமுன் அவர் தாமே ஏறி நின்றாரா?” என்று மட்டும் கேட்டார். “ஆம், அம்மா” என்றோம். மறுமுறை அவ்வில்லம் சென்றபோது நம் கையைப் பற்றியவாறே மின்தூக்கியினுள் அடியெடுத்து வைத்தார்.