சாயத்தில் பிறந்த மாத்திரை

1876-இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ என்ற வேதியியலாளர் ஒரு நீலச் சாயத்தைச் செய்தார். மெத்திலீன் நீலம். துணி நெய்கிறவர்களுக்காகப் பிறந்த பொருள் அது. ஏழு ஆண்டு கழித்து அந்தச் சாயத்தின் அமைப்பை ஆராய்ந்த இன்னொருவர், அதன் உள்ளே இருந்த ஃபீனோதையாசின் என்ற சேர்மத்தைத் தனியே செய்து காட்டினார். பிற்காலத்தில் அது ஆடுமாடுகளின் குடற்புழுவுக்கு மருந்தானது.

இதன் வழியில் வந்ததுதான் குளோர்புரோமசின். 1950 டிசம்பரில், பிரான்சின் ரோன்-பூலங்க் நிறுவனத்தில் பால் ஷார்பாந்தியே அதை உருவாக்கினார். மனநோய்க்கு என்று யாரும் அதைத் தேடவில்லை. அறுவை சிகிச்சையில் உடல் அதிர்ச்சி அடையாமல் இருக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்த ஆன்றி லாபோரி என்ற கடற்படை மருத்துவர், ஊசி போட்ட நோயாளி விழித்தபடியே பதற்றம் தணிந்து கிடப்பதைக் கவனித்தார். மனநல மருத்துவர்களிடம் விடாமல் சொன்னார். 1952-இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் தெலேயும் பியேர் தெனிக்கேரும் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிப்போட்டு வைக்க வேண்டியிருந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அதுவரை குளிர்ந்த நீர்த் தொட்டியும் இன்சுலின் மயக்கமும் மின் அதிர்ச்சியும்தான் வைத்தியமாக இருந்தன என்பதை நினைத்தால், இந்தச் செய்தி அன்று எப்படிப் பரவியிருக்கும் என்று புரியும்.

ஆனால் மாத்திரை பூட்டைத் திறக்காது. யாராவது திறக்க வேண்டும்.

சென்னையில் அப்படித் திறந்தவர் டாக்டர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுகிறவர். 1923 ஏப்ரல் 5 அன்று மங்களூரில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் மனநல மருத்துவம் பயின்று, 1959-இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் அதன் தலைமைப் பொறுப்பு வந்தது. அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண்ணும் அவர்தான். இடம் கொள்ளாத கூட்டம், வந்து பார்க்காத உறவுகள், வெளியே போக வழியில்லாத மனிதர்கள். அவர் அங்கே மருந்தோடு நிற்கவில்லை. புறநோயாளிப் பிரிவை வளர்த்தார். நோயாளிகள் கைத்தொழில் செய்ய ஒரு மையத்தைத் தொடங்கினார். தன்னார்வ அமைப்புகளை மதில் சுவருக்கு உள்ளே வரவழைத்தார். 1978-இல் ஓய்வு பெற்றபின், 1984-இல், மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் நிறுவனத்தை ஆரம்பித்தார். 1992-இல் பத்மபூஷண். 2021 டிசம்பரில், 98 வயதில் மறைந்தார்.

அவர் பிறப்பதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, நைஜீரியாவின் அபெயோகுட்டாவில் தாமஸ் அடியோயே லாம்போ பிறந்தார். மேற்கத்திய முறையில் பயின்ற முதல் ஆப்பிரிக்க மனநல மருத்துவர்களில் ஒருவர். 1954-இல் ஆரோ என்ற இடத்தில் அவர் செய்த காரியம் வியப்பானது: நோயாளிகளைச் சுற்றுக் கிராமத்து வீடுகளில், சொந்தக்காரர் ஒருவரின் துணையோடு தங்க வைத்தார். பகலில் மருத்துவமனை, இரவில் ஊர். நாட்டு வைத்தியர்களையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டார். லாம்போவும் சாரதா மேனனும், அவரவர் ஊரில், நோயாளியை மனிதர்களிடம் திருப்பி அனுப்பத்தான் பாடுபட்டார்கள்.

அந்த மாத்திரை எங்கள் தருமபுரிக்கு வந்து சேர நெடுநாள் ஆயிற்று. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் 1997-இல் திருச்சியில்தான் தொடங்கியது. இங்கே வந்தது அதற்கு அப்புறம். அதற்கு முன் பென்னாகரத்திலோ அரூரிலோ ஒருவருக்குக் காதில் குரல் கேட்டால் முதலில் கோயில், பிறகு மந்திரிப்பவர், கையில் காசு இருந்தால் பெங்களூரு நிமான்ஸ் அல்லது வேலூர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கிடந்தவர்கள் தீயில் வெந்தார்கள், 28 உயிர்கள். மாத்திரை பிறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பிழைக்க மாத்திரை கொடுக்காமல், சங்கிலி கொடுத்த காலம் அது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது.

இப்போது ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன் போன்ற புதிய மருந்துகள் முன்னால் வந்துவிட்டன. பழைய குளோர்புரோமசின் கை நடுக்கம், உடல் விறைப்பு, அசதி எல்லாம் தரும். இன்னொன்றும் உண்டு: அதைச் சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலைத் தாங்காது. நிலக்கடலை பிடுங்கவும் மாந்தோப்பில் வேலை செய்யவும் போகிற ஊரில் இது முதலில் சொல்ல வேண்டிய விஷயம். துண்டைத் தலையில் போட்டு, முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு போகச் சொல்லாமல் மருந்துச் சீட்டை மட்டும் நீட்டினால், ஒரு வாரத்தில் மாத்திரை குப்பைக்குப் போய்விடும்.

தருமபுரியில் இதைவிடப் பெரிய சிக்கல் வேலை தேடிப் போவது. பெங்களூரு கட்டட வேலை, திருப்பூர் பனியன் கம்பெனி என்று குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள். ஆள் தெளிவாக இருக்கிறார், இனி மருந்து எதற்கு என்று நிறுத்திவிடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். சில மாதத்தில் குரல்கள் திரும்பி வரும். அந்த ஊரில் அவரைத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். கிளம்புமுன் இரண்டு மூன்று மாதத்துக்கான மாத்திரையை எண்ணிக் கொடுப்பதும், போகிற இடத்து அரசு மருத்துவமனையில் காட்ட ஒரு கடிதம் எழுதித் தருவதும் செலவு வைக்கிற காரியங்கள் அல்ல. மருந்து வாங்க வரும் நாளில் எங்கே போகிறீர்கள், யார் கூட வருகிறார்கள் என்று கேட்க ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவே.