ஏடு நீங்கிய இல்லங்கள்

ஒரு வீட்டிலிருந்து நூல்கள் வெளியேறுவது இறப்புக்கும் இடமாற்றத்திற்கும் இடைப்பட்ட ஒரு நிகழ்ச்சி. எந்த நூலை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்னும் தடுமாற்றம் இக்காலத்துச் சிறு குடியிருப்புகளால் வந்த ஒன்று எனப் பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் சரியன்று. ஓலைச்சுவடிகள் பரணில் இருந்த காலத்திலேயே தமிழர் இல்லங்களில் இத்தடுமாற்றம் இருந்தது. அதற்கென ஒரு முறையும் வகுக்கப்பட்டிருந்தது.

ஓலையின் வாழ்நாள் சில நூற்றாண்டுகளே. செல்லும் ஈரமும் சேர்ந்தால் அதுவும் இல்லை. ஆகவே ஓலை பழுதுபடும் முன்பே புதிய ஓலையில் படியெடுப்பது கற்றோர் குடும்பங்களின் கடமையாக இருந்தது. படியெடுத்த பின் பழைய ஏட்டைக் குப்பையில் எறிய மனம் வருமா? கலைமகளின் வடிவாகப் பூசையில் வைத்த பொருள் அது. எனவே ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடுவதும், வேள்வித் தீயில் இடுவதும் வழக்கமாயின. வழியனுப்புவதற்கும் ஒரு மங்கலம் வேண்டுமல்லவா?

இவ்வழக்கத்தை மூடப்பழக்கம் என ஒரே சொல்லில் தள்ளிவிடுவது பிற்காலத்தார் பலருக்கும் எளிதாகிவிட்டது. உண்மையில் அது நன்கு எண்ணிச் செய்த ஏற்பாடே. ‘படியெடு, பிறகு விடு’ என்பதே அதன் முழு வடிவம். கேடு விளைந்தது முதற்பாதி மறைந்து பிற்பாதி மட்டும் நிலைத்தபோதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புலவர் குடும்பங்களின் பிள்ளைகள் ஆங்கிலக் கல்விக்கும் அரசு அலுவலுக்கும் சென்றனர். ஓலை எழுதுவோர் அருகினர். ஏட்டை வாசிக்கத் தெரியாத தலைமுறை வீட்டுக்குரியதாயிற்று. ஆயினும் ஆடிப்பெருக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. படியெடுக்கப்படாத ஏடுகள் ஆற்றில் மிதந்தன.

இதைத் தம் கண்ணாலும் காதாலும் அறிந்து வருந்தியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த அவர் நெல்லைச் சீமையில், பழைய ஏடுகளைத் தேர்போலக் கட்டி ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்ட செய்தியைக் கேட்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியரின் ஏடுகள் இருந்தன என அறிந்து சென்றபோது, சிதைந்த ஏடுகளை விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டாயிற்று என்னும் விடையே கிடைத்தது. இச்செய்திகளை அவர் ‘என் சரித்திர’த்தில் பதிந்துள்ளார். 1940 தொடங்கி ஆனந்த விகடனில் வெளிவந்து, அவர் மறைவுக்குப் பின் 1950இல் நூலான அப்பெருநூலில், கிடைத்த ஏடுகளின் கதைக்குச் சற்றும் குறையாத இடம் கிடைக்காத ஏடுகளின் கதைக்கும் உண்டு.

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1887இல் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்பின் பதிப்புரையில், தொட்டால் நொறுங்கும் ஏடுகளின் நிலையை எடுத்துரைத்தார். அவர் கையில் நொறுங்கியவை பெரும்பாலும் அன்பின்மையால் அழிந்தவை அல்ல. பாட்டன் ஏடு எனப் போற்றிப் பெட்டியில் பூட்டி, எவருக்கும் கொடாமல், தாமும் திறவாமல் வைத்திருந்த குடும்பங்களும் அன்று இருந்தன. ஆற்றில் விட்ட கையைப் பழித்த அளவுக்கு, பூட்டி வைத்த கையைத் தமிழுலகம் பழித்ததில்லை. இரண்டின் விளைவும் ஒன்றே.

சாமிநாதையர் செய்த பெரும் மாற்றம் ஒன்று இங்குக் கருதத்தக்கது. பழைய முறைப்படி பார்த்தால், ஓர் ஏடு அச்சேறியவுடன் அதன் பணி முடிந்துவிட்டது. அச்சுப்படி நூற்றுக்கணக்கில் இருக்க, ஓலை எதற்கு? அவர் அவ்வாறு எண்ணவில்லை. பதிப்பித்து முடித்த நூல்களின் ஏடுகளையும் காத்து வைத்தார். ஒரே நூலின் பல ஏடுகளில் பாடம் வேறுபடும். ஒன்றில் விடுபட்ட அடி மற்றொன்றில் இருக்கும். பதிப்பாசிரியர் கொண்ட பாடம் தவறாயின் பின்வருவோர் திருத்த ஏடே சான்று. படியும் மூலமும் ஒன்றல்ல என்னும் இவ்வுணர்வு தமிழர் இல்லங்களுக்குப் புதியது.

அச்சு நூல்கள் பெருகிய பின்னும் இக்கேள்வி மாறவில்லை; அதன் உடை மட்டும் மாறிற்று. சுவடிக்கட்டு இருந்த பரணில் தகரப்பெட்டியும், பின்னர்க் கண்ணாடி அலமாரியும் வந்தன. கல்லூரி ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் அஞ்சல்வழி நூல் தருவித்துச் சேர்க்கலாயினர். அவ்வாறு சேர்த்தோருள் தலையாயவர் மறைமலையடிகள் (1876–1950). சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராய் இருந்து, பின் பல்லாவரத்தில் அமர்ந்த அவருடைய மணிமொழி நூல்நிலையம் ஏறத்தாழ நாலாயிரம் நூல்களைக் கொண்டது. தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் அதில் உடனிருந்தன. நிலையான ஊதியத்தைத் துறந்து, சொற்பொழிவிலும் நூல் விற்பனையிலும் குடும்பம் நடத்திய ஒருவர் நாலாயிரம் நூல் வாங்கினார் என்றால், அக்குடும்பம் வாங்காமல் விட்டவை எவை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். வீட்டு நூலகங்களின் வரலாற்றில் மனைவியரின் பெயர் எழுதப்படுவதில்லை. அலமாரிக்கு இடம்விட்டு அடுக்களையைச் சுருக்கிக்கொண்டவர்கள் அவர்களே.

அடிகள் தம் நூல்கள் தமிழ்மக்களுக்குப் பயன்படவேண்டும் என விருப்ப ஆவணம் எழுதினார். அவர் மறைந்தது 1950இல். அந்நூல்களைக் கொண்டு சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம், வ. சுப்பையா பிள்ளையின் முயற்சியால், சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகத்தைத் திறந்தது 1958இல். இடையில் எட்டாண்டுகள். ஆவணம் எழுதிவிட்டால் நூல்கள் தாமே நடந்து நூலகம் சேர்வதில்லை. இடமும் பொருளும் உழைப்பும் தரும் ஒரு நிறுவனம் எதிரே நின்று கைநீட்டி வாங்கினால்தான் கொடை கொடையாகும். இந்நூலகம் பின்னர்க் கன்னிமாரா நூலக வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது.

விருப்ப ஆவணம் எழுதாத பல்லாயிரம் இல்லங்களின் நூல்கள் சென்ற வழி வேறு. எடைக்குப் போட்டவை பழைய தாள் கடைக்குச் சென்றன. அவற்றுள் சில மூர் மார்க்கெட்டைச் சேர்ந்தன. 1900இல் எழுந்த அச்சந்தை 1985 மே 30ஆம் நாள் தீப்பற்றி அழியும்வரை, சென்னையின் கற்றோர் பலருக்கு அது கட்டணமில்லாக் கல்லூரி. தந்தை இறந்த ஆண்டு மகன் விற்ற நூல், மற்றொருவன் வாழ்வின் முதல் நூலாக அங்குக் கைமாறியது. முதற்பக்கத்தில் ‘அன்புடன்’ எனக் கையெழுத்திட்டு நண்பருக்கு ஈந்த தம் கவிதைத் தொகுதியைப் பழைய புத்தகக் கடையில் கண்டெடுக்கும் பேறும் கவிஞர்க்கு உண்டு. அதற்காக நண்பரை வெறுக்க வேண்டுவதில்லை. இரண்டாம் வாசகனைத் தேடித்தந்தவர் அவர்.

இக்கழிவுகளையே கருவூலமாக்கிய ஒருவரைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு நிறைவுறாது. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராய்ச் சென்னையில் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா, பழைய புத்தகக் கடைகளில் கண்டவற்றை வாங்கத் தொடங்கினார். பின்னர்ச் சொந்த ஊருக்கே திரும்பி, வீட்டையே நூலகமாக்கினார். 1992இல் அவர் மறைந்தபோது அவ்வீட்டில் இருந்தவை ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள். இலக்கண இலக்கியங்கள் மட்டுமா? நாடக விளம்பரத் துண்டுகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், கொலைச் சிந்துகள், அரையணாக் குஜிலிப் புத்தகங்கள் எனக் கற்றோர் இல்லங்கள் முதலில் கழித்தவை யாவும் அங்கு இடம்பெற்றன.

இங்குதான் ஒரு முரண் தெளிவாகிறது. ஒரு குடும்பம் நூல்களைக் குறைக்க முற்படும்போது உயர்ந்தவை எனக் கருதுவனவற்றை நிறுத்திக்கொண்டு, அற்பமானவற்றை விலக்குகிறது. கம்பராமாயணமும் திருக்குறள் உரையும் அலமாரியில் நிற்கும். துண்டறிக்கை அடுப்பெரிக்கச் செல்லும். ஆனால் திருக்குறள் உரை நூறு வீடுகளில் இருக்கிறது. அத்துண்டறிக்கையோ, அடுப்பில் எரிந்தது தான் இறுதிப்படியாக இருக்கலாம். பொதுமக்கள் வாசித்த மலிவுப் பதிப்புகளைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என ஆய்வு நூல் எழுத முடிந்தது, யாரோ சிலர் அவற்றை எறிய மறுத்ததனால்தான். சிறுபத்திரிகைகளுக்கும் இது பொருந்தும். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கி நடத்திய ‘எழுத்து’ நூற்றுக்கு மேற்பட்ட இதழ்களைக் கண்டது. விற்ற படிகளோ சில நூறு. அவ்விதழ்களுள் ஒன்றை எடைக்குப் போடுவதற்கும், ஒரு பேரிலக்கியத்தின் பத்தாம் பதிப்பை எடைக்குப் போடுவதற்கும் வேறுபாடு உண்டு.

நெஞ்சுக்கு இனிய நூல்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பள்ளியில் பரிசாகப் பெற்றது, திருமணத்தில் நண்பர் தந்தது, ஆசிரியர் கைப்படக் குறிப்பெழுதியது ஆகியன எளிதில் கைவிடத்தக்கனவல்ல. இவற்றை விடுவதற்கு நாணமும் வைத்திருப்பதற்கு இடநெருக்கடியும் தடையாகும்போது, அவை பெட்டிக்குள் சென்று செல்லுக்கு இரையாகின்றன. பூட்டி வைத்த ஏடுகளின் கதையே மீண்டும் நிகழ்கிறது. ஓரத்தில் எழுதிய குறிப்பும், முகப்புக் கையெழுத்தும், பிற்பதிப்பில் விடுபட்ட முகவுரையும், முன்பணம் தந்து கையொப்பமிட்டோர் பட்டியலும் உள்ள படி, அந்நூலின் வேறு படிகளால் ஈடுசெய்ய இயலாதது. அதை வீடு வைத்துக்கொள்ளலாம். அல்லது அதன் மதிப்பறிந்த இடத்திற்குத் தரலாம். அத்தகைய தடமொன்றும் இல்லாத படிக்கு இவ்வளவு கலக்கம் வேண்டா. வாசிக்கத் துடிக்கும் ஒரு மாணவன் கையில் அது இருக்கட்டும்.

நூலகத்திற்குக் கொடுத்துவிட்டால் கவலை ஒழிந்தது எனவும் கூறுவதற்கில்லை. க. மு. செல்லப்பா என்பவர் 1933இல் தம் இல்லத்து நூல்களை அயலார்க்கு இரவல் தரத் தொடங்கியதே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வித்து. ஊரார் சேர்ந்து வளர்த்த அந்நூலகத்திற்கு 1959இல் எழிலார்ந்த கட்டடம் எழுந்தது. ஆனந்த குமாரசுவாமி முதலியோரின் நூல்தொகுதிகளும், குடும்பங்கள் காத்த ஏடுகளும் நன்கொடையாக அங்கு வந்து சேர்ந்தன. வீட்டில் இருப்பதைவிட அங்குப் பாதுகாப்பு மிகுதி என நம்பிக் கொடுத்தவை அவை. 1981 மே இறுதி இரவில் நூலகம் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார் என்பர். கொடுத்தவர்கள் செய்தது பிழையன்று. படியில்லாமல் கொடுத்தனர் என்பதே குறை; அன்று படியெடுக்கும் வசதி எத்தனை வீட்டில் இருந்தது?

கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வீடுவீடாகத் திரட்டி மின்படியாக்கி வருகிறது. 1998இல் பிறந்த மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிற்று. ஓலைக்காலத்து ஏற்பாட்டின் மறைந்த முதற்பாதியாகிய படியெடுத்தல், இவ்வாறு வேறு வடிவில் மீண்டுள்ளது.

ரோஜா முத்தையாவின் தொகுப்பு அத்தகைய தீயூழுக்கு ஆளாகவில்லை. சிதறி விற்கப்படும் அபாயத்திலிருந்து சிகாகோ பல்கலைக்கழகம் அதனை மொத்தமாக விலைகொடுத்து வாங்கிற்று. அமெரிக்காவிற்குக் கொண்டுசெல்லாமல் சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக நிறுவி, நுண்படமெடுக்கும் பணியைத் தொடங்கிற்று. தமிழகத்துச் செல்வம் தமிழகத்திலேயே தங்கியதற்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு நன்றி சொல்ல நேர்ந்தது. அந்நன்றியில் கலந்துள்ள வெட்கத்தை மறைக்க வேண்டுவதில்லை.

சாமிநாதையரின் ஏடுகள் அடைந்த இடமும் அறியத்தக்கது. திருவல்லிக்கேணியில் ‘தியாகராச விலாசம்’ எனப் பெயரிட்ட தம் இல்லத்தில் நெடுங்காலம் அவற்றோடு வாழ்ந்த அவர், 1942இல் குண்டு வீச்சு அச்சத்தால் சென்னை நகரம் காலியானபோது திருக்கழுக்குன்றத்திற்குச் சென்று, அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவருடைய மைந்தர் கலியாணசுந்தர ஐயரின் இசைவோடும் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியாலும் 1943இல் அடையாற்றில் அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்தது. தந்தை ஒரு வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்ததை வீட்டைவிட்டு அனுப்ப அம்மைந்தருக்கு எத்துணை மனத்திண்மை வேண்டியிருந்திருக்கும்! மறைந்து ஓராண்டு கழிந்த நிலையில் எடுத்த முடிவு அது. திருவல்லிக்கேணி வீடு 2012இல் இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஈராயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள் பெசன்ட் நகர் நூல்நிலையத்தில் உள்ளன.