ஈகையும் ஒப்புரவும்: ஜாம்ஷெட்பூர் ஜூபிலி பூங்காவில் ஒரு நினைவுச் சிலை

முன்னுரை

கொடையாளரைப் பாடுதல் தமிழ்ப் புறப்பாடல் மரபின் தலையாய கூறுகளுள் ஒன்று. தொழில் முதலாளியரின் கொடையைக் கல்லிலும் உலோகத்திலும் நிலைநிறுத்துதல் இக்கால வழக்கு. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள ஜாம்ஷெட்பூர் நகரின் ஜூபிலி பூங்காவில் ஜாம்செட்ஜி நசர்வான்ஜி டாட்டாவின் (1839-1904) சிலை நிற்கிறது. அச்சிலை போற்றுவது ஈகையையா, ஒப்புரவையா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

நகரும் பூங்காவும்

ஜாம்செட்ஜி, இரும்பாலை எழுவதைக் காணாமலே 1904 மே 19இல் ஜெர்மனியில் காலமானார். டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் 1907இல் தொடங்கப்பெற்றது. சுவர்ணரேகா, கர்கை ஆறுகள் கூடுமிடத்தை அடுத்த சாக்சி என்னும் சிற்றூர் ஆலைக்குரிய இடமாகத் தெரிவு செய்யப்பட்டது. 1912இல் அங்கு எஃகு வார்க்கப்பட்டது. 1919இல் அரசப் பிரதிநிதி செம்ஸ்போர்டு அவ்வூருக்கு ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் சூட்டினார். அண்மையிலிருந்த காளிமாட்டி இரயில் நிலையமும் டாட்டாநகர் ஆயிற்று. ஆகவே, சிலை எழுவதற்குப் பல்லாண்டு முன்னரே ஊரின் பெயரே அவருக்கு நினைவுச்சின்னமாகிவிட்டது எனலாம்.

நிறுவனத்தின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி உருவாக்கப்பட்ட ஜூபிலி பூங்காவை 1958 மார்ச் 1ஆம் நாள் தலைமையமைச்சர் ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார். மைசூரை அடுத்த பிருந்தாவனத் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஏரியும் நீரூற்றுகளும் ரோசாத் தோட்டமும் அமைய, இருநூறு ஏக்கருக்கும் மேலான பரப்பில் அஃது அமைந்தது. ஆண்டுதோறும் மார்ச் 3ஆம் நாளாகிய நிறுவனர் பிறந்தநாளையொட்டிப் பூங்கா முழுதும் விளக்கொளியில் திகழ்கிறது.

கடிதம் காட்டும் கருத்து

ஆலைக்குரிய இடம் உறுதிப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 1902இல், ஜாம்செட்ஜி தம் மகன் தோரப்ஜிக்கு எழுதிய கடிதம் இங்குக் கருதத்தக்கது. தொழிலாளர் நகரில் அகன்ற தெருக்களும், விரைந்து வளரும் நிழல் மரங்களும், புல்வெளிகளும் பூங்காக்களும், விளையாட்டுத் திடல்களும், பல சமயத்தார்க்குரிய வழிபாட்டிடங்களும் இடம்பெற வேண்டும் என்று அவர் அதில் கேட்டுக்கொண்டார். பூங்கா இக்கடிதத்தில் பரிசாகவோ அறச்செயலாகவோ சுட்டப்படவில்லை. தெருவைப் போலவே நகரின் உறுப்பாக வைத்து எண்ணப்படுகிறது.

திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாகப் பிரித்து வைக்கிறது. வறியவர்க்கு அளிப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்பவன் ஊர்க்குச் செய்ய வேண்டிய கடமை ஒப்புரவு. இதனை விளக்க வள்ளுவர் ஊரார் நீருண்ணும் குளத்தையும் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் உவமையாக்குகிறார். 1892இல் உயர்கல்விக்கென ஜாம்செட்ஜி நிறுவிய அறக்கட்டளையும், 1909இல் உருப்பெற்ற பெங்களூர் அறிவியல் நிறுவனத்திற்கு அவர் ஒதுக்கிய சொத்துகளும் கொடையின் பாற்படும். தொழிலாளர் நகரின் பூங்காவோ ஒப்புரவின் பாற்படும்.

சிலை சொல்லாதவை

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. கொடை எனின், பெறுவோர் நன்றியுடையர். கடப்பாடு எனின், அவர்கள் உரிமையுடையர். எட்டு மணி நேர வேலை 1912இலும், இலவச மருத்துவம் 1915இலும், ஊதியத்துடன் கூடிய விடுப்பு 1920இலும் இவ்வாலையில் நடைமுறைக்கு வந்தன. எட்டு மணி நேர வேலை சட்டத்தின்வழி நாட்டிலுள்ள ஆலைகளுக்குப் பொதுவானது 1948இல்தான். இம்முன்னோடித் தன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் 1920, 1928 ஆகிய ஆண்டுகளில் இதே ஆலையில் பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. 1928இல் தொழிலாளர் சங்கத் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸ் ஏற்றார். பூங்கா திறக்கப்பட்ட 1958ஆம் ஆண்டின் மே மாதத்திலேயே மீண்டும் ஒரு வேலைநிறுத்தம் மூண்டது. பூங்காவைப் பெற்றவர்கள் நன்றியோடு அமையவில்லை. உரிமையையும் கேட்டனர் என்பது இதனால் விளங்கும்.

நிலம் பற்றிய வினாவும் உண்டு. சாக்சியும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் பழங்குடியினர் வாழ்ந்த பகுதிகள். ஆலையும் நகரும் அவர்தம் நிலத்தின்மீதே எழுந்தன. ஊர்க்குளத்தை உவமையாகக் கொள்ளுமிடத்து, அக்குளம் யார் நிலத்தில் வெட்டப்பட்டது என்றும் கேட்டாதல் வேண்டும். நிறுவனரின் பெயர் ஊர்ப்பெயராயிற்று. சாக்சி இன்று அந்நகரின் ஒரு பகுதிக்கு மட்டும் உரிய பெயராக நிற்கிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஜாம்செட்ஜியின் கடிதம் பூங்காவை நகரின் இன்றியமையா உறுப்பாகக் கருதியது. அவர் மறைந்து அரை நூற்றாண்டிற்குப்பின் நிறுவனம் எழுப்பிய பூங்காவும் அதிலுள்ள சிலையும் அதனை ஒருவரின் வள்ளன்மையாகக் காணச் செய்கின்றன. அவரை வள்ளல் எனப் போற்றுவது பிழையன்று. ஆயின் ஒப்புரவாளர் எனக் கொள்வதே அவர் கருத்துக்கு நெருங்கியது. அவ்வாறு கொள்ளும்போதுதான் உழைத்தவர்க்கும் நிலம் இழந்தவர்க்கும் அப்பூங்காவின் வரலாற்றில் உரிய இடம் கிடைக்கும்.