நோட்பேட்++: ஓர் எளிய நிரல் திருத்தியின் வரலாறும் பயனர் கருத்துகளும்

நோட்பேட்++ என்பது விண்டோஸ் இயங்குதளத்தில் இயங்கும் ஓர் எளிய நிரல் திருத்தி ஆகும். 2003ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியான இம்மென்பொருளை உருவாக்கியவர் டான் ஹோ. குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டதால் இதனை எவரும் விலையின்றிப் பெறலாம், படியெடுக்கலாம், மூல நிரலைப் படித்து மாற்றவும் செய்யலாம். பெயரின் இறுதியிலுள்ள '++' என்னும் குறி, சி மொழியில் ஒரு மதிப்பை ஒன்று கூட்டும் குறியீடாகும். விண்டோஸுடன் வரும் நோட்பேடைவிட ஒரு படி மேலானது என்பது இதன் பொருள்.

இத்திருத்தியைப் பற்றிய பயனர் கருத்துகள் இருபது ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளன. திருத்தி மாறியதைவிட, பயனர்களின் கணினிகளும் தேவைகளும் மாறியதே இதற்கு முதன்மைக் காரணம். சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிப் பகுதியின் கணினிக் கல்வியோடு சேர்த்துப் பார்த்தால் இது நன்கு விளங்கும்.

நிரல் திருத்தியின் பணி

நிரல் என்பது வெறும் உரை. அதனை எந்த உரைத் திருத்தியிலும் எழுதலாம். எனினும் எழுதுபவருக்கு உதவும் சில வசதிகள் இருந்தால் பிழைகள் குறையும். நிரல்மொழியின் சொற்களை வண்ணத்தால் வேறுபடுத்திக் காட்டுதல், வரி எண் இடுதல், திறந்த அடைப்புக்குறிக்கு இணையான மூடும் குறியைக் காட்டுதல், பல கோப்புகளை ஒரே சாளரத்தில் தத்தல்களாகத் திறத்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை.

இவற்றோடு நிரல்பெயர்ப்பி, பிழைநீக்கி போன்றவற்றையும் ஒருசேரக் கொண்ட பெரிய மென்பொருள்கள் ஒருங்கிணைந்த உருவாக்கச் சூழல் எனப்படும். அவை அதிக நினைவகம் கேட்பவை, திறப்பதற்கும் நேரம் எடுப்பவை. வெறும் உரைத் திருத்திக்கும் இத்தகைய சூழலுக்கும் இடைப்பட்டதே எளிய நிரல் திருத்தி.

தோற்றம்

டான் ஹோ பணிபுரிந்த நிறுவனத்தில் ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஜெக்ஸ்ட் என்னும் திருத்தி பயன்பட்டது. அதன் வேகக் குறைவு அவருக்கு நிறைவளிக்கவில்லை. சி++ மொழியில் விரைவான திருத்தி ஒன்றை எழுதலாம் என்னும் அவரது கருத்தை நிறுவனம் ஏற்கவில்லை. எனவே ஓய்வு நேரத்தில் அதனைத் தாமே உருவாக்கினார். திருத்தும் பகுதிக்கு நீல் ஹாட்ஜ்சன் எழுதிய சின்டில்லா என்னும் கட்டற்ற நிரற்கூறைப் பயன்படுத்திக்கொண்டார். லினக்ஸில் பரவலாக உள்ள ஜீனி திருத்தியும் இதே சின்டில்லாவின் மேல் அமைந்ததே.

ஆக, நோட்பேட்++ பிறந்ததே ஒரு பயனரின் குறையிலிருந்துதான். செயலிக்கு வேலை குறைந்தால் மின்சாரச் செலவும் குறையும், அதனால் கரியமில வாயு வெளியேற்றமும் குறையும் என்று இத்திட்டம் தன் நோக்கத்தை விளக்குகிறது.

சேலம், நாமக்கல் பகுதியின் பின்புலம்

சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966இல் தொடங்கப்பட்டது. 1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதே ஆண்டில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளும் கலை அறிவியல் கல்லூரிகளும் பெருகின. விசைத்தறி, லாரித் தொழில், கோழிப்பண்ணை, ஆழ்துளைக் கிணறு வண்டி, ஜவ்வரிசி ஆலை ஆகியவற்றை நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர், வீட்டில் கணினியைப் பாராமலேயே கணினிப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுக்கு ஆய்வகக் கணினியே முதற்கணினி.

தமிழ்நாட்டு ஆய்வகங்களில் பல ஆண்டுகள் பயன்பட்டது டர்போ சி++. போர்லாண்டு நிறுவனம் 1990இல் வெளியிட்ட இந்த மென்பொருள் டாஸ் காலத்தது. நீலத் திரையில் நிரலை எழுதி, அங்கேயே இயக்கிப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் சி++ மொழிக்கு 1998இல் பன்னாட்டுத் தரம் வகுக்கப்பட்ட பின்னரும் மாணவர்கள் பழைய நடையிலேயே எழுதிப் பழகினர். 'ஐஓஸ்ட்ரீம்' என்பதன் பின் 'புள்ளி எச்' சேர்ப்பதும், திரையைத் துடைக்க 'கிளர்ஸ்கிர்' கட்டளையைத் தருவதும் அந்நடையின் அடையாளங்கள். புதிய நிரல்பெயர்ப்பிகளில் இவை பிழையாகும். 64 பிட்டு விண்டோஸில் டர்போ சி++ நேரடியாக இயங்குவதும் இல்லை. டாஸ்பாக்ஸ் போன்ற துணைமென்பொருள் தேவைப்பட்டது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் எல்காட் நிறுவனத்தின் வழியாக மடிக்கணினிகள் வாங்கித் தரப்பட்டன. இவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. ஊர்ப்புற மாணவர்கள் பலரின் கைக்குச் சொந்தக் கணினி முதன்முதலாக வந்தது இவ்வழியில்தான். ஆனால் அவை திறன் மிகுந்தவை அல்ல. பெரிய உருவாக்கச் சூழல்களை நிறுவினால் தடுமாறக்கூடியவை. ஒரு திருத்தி எளியதா, கனமானதா என்னும் கேள்வி இங்கு விருப்பத்தைப் பொறுத்ததாக இல்லை. பாடத்தைச் செய்து பார்க்க முடியுமா, முடியாதா என்பதையே அது தீர்மானித்தது.

பயனர்கள் பாராட்டும் கூறுகள்

நோட்பேட்++ பற்றிப் பயனர்கள் முதலில் குறிப்பிடுவது வேகத்தை. பழைய கணினியிலும் சொடுக்கியவுடன் திறந்துவிடும். நிறுவற்கோப்பு சில மெகாபைட்டு அளவே என்பதால் இணைய இணைப்பு மெதுவாக உள்ள இடத்திலும் தரவிறக்கலாம். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கத்தக்க பதிப்பும் உண்டு. மென்பொருள் நிறுவ மாணவர்களுக்கு அனுமதியில்லாத ஆய்வகங்களில் இது பயன்படும்.

இரண்டாவது, எழுதியது அழியாமை. சேமிக்காத உரையையும் குறித்த இடைவெளியில் தானே படியெடுத்து வைத்து, மீண்டும் திறக்கும்போது அப்படியே காட்டும் வசதி 2014ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றில் சேர்க்கப்பட்டது. அந்த இடைவெளி இயல்பாக 7 நொடிகள். 2012 வாக்கில் சென்னை தவிர்த்த தமிழக மாவட்டங்கள் நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டைக் கண்டன. மின்சாரம் நின்றால் மேசைக்கணினியில் எழுதியது முழுவதும் போய்விடும் என்று அஞ்சியவர்களுக்கு இவ்வசதியின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மறைந்திருப்பதைக் காட்டுதல். பைத்தான் மொழியில் உள்தள்ளல் இலக்கணத்தின் ஒரு பகுதி. ஒரே பகுதியில் சில வரிகளை இடைவெளியாலும் சில வரிகளைத் தத்தல் விசையாலும் உள்தள்ளினால், கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்தாலும் நிரல் இயங்காமல் போகலாம். இடைவெளியைப் புள்ளியாகவும் தத்தலை அம்புக்குறியாகவும் நோட்பேட்++ காட்டும். எங்கே தவறு என்று மாணவர் தாமே கண்டுகொள்ளலாம்.

பயனர்கள் கூறும் குறைகள்

இது விண்டோஸுக்கு மட்டுமே உரியது என்பது முதற்குறை. விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸைப் பயன்படுத்திய மாணவருக்கு நோட்பேட்++ நேரடியாகப் பயன்படாது. ஜீனி போன்ற வேறு திருத்தியையே அவர் நாட வேண்டும்.

எழுதிய நிரலை இயக்கிப் பார்க்கும் வசதி இயல்பாக அமையவில்லை என்பது அடுத்த குறை. நிரல்பெயர்ப்பியைத் தனியே நிறுவி, கட்டளை வரியிலோ செருகுநிரல் வழியாகவோ இணைக்க வேண்டும். டர்போ சி++ மென்பொருளில் ஒரே விசையால் நிரலை இயக்கிப் பழகியவர்களுக்கு இது தொல்லையாகவே தோன்றும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதற்கு வேறு தீர்வைத் தேர்ந்தன. 2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் சி++ மொழிக்கு டெவ் சி++ மென்பொருளையும், அடுத்த ஆண்டில் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தானுக்கு ஐடில் மென்பொருளையும் கற்பிக்கின்றன. இரண்டிலும் எழுதிய இடத்திலேயே இயக்கலாம். தொடக்க நிலை மாணவருக்கு இது பொருத்தமான தேர்வே.

வலைப்பக்கம் எழுதும் பாடத்தில் நிலைமை வேறு. அங்கு நோட்பேடே போதும் என்பது பொதுவான வழக்கம். ஆனால் பழைய நோட்பேடில் ஒரு முறைக்கு மேல் செயல்தவிர்க்க இயலாது. கோப்பின் பெயருடன் 'டிஎக்ஸ்டி' என்னும் பின்னொட்டு ஒட்டிக்கொண்டு பக்கம் உலாவியில் சரியாகத் திறக்காமல் போவதும் உண்டு. இவ்விடத்தில் நோட்பேட்++ உண்மையிலேயே ஒரு படி மேலானது.

தமிழ் எழுத்துகளும் திருத்தியும்

நோட்பேட்++ பட்டிகளைத் தமிழில் காட்டும் மொழிபெயர்ப்பு உள்ளது. எனினும் தமிழ்ப் பயனர்களுக்குப் பட்டியைவிடக் குறிமுறையே பெரிய சிக்கல்.

ஒருங்குறிக்கு முன் தமிழுக்குப் பல எழுத்துருக் குறிமுறைகள் இருந்தன. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தோன்றும். ஒருங்குறி பரவிய பின்னும், தமிழ் உரை கொண்ட கோப்பை 'ஆன்சி' முறையில் சேமித்தால் எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். பழைய நோட்பேடு இயல்பாகச் சேமித்தது அம்முறையிலேயே. 2019ஆம் ஆண்டு விண்டோஸ் 10 பதிப்பில்தான் இது யூடிஎஃப்-8 என மாறியது. நோட்பேட்++ குறிமுறையைக் கீழ்ப்பட்டையில் எப்போதும் காட்டும். தனிப் பட்டியில் மாற்றவும் செய்யலாம். பழைய நோட்பேடு யூடிஎஃப்-8 கோப்பின் தலைப்பில் சேர்க்கும் மறைகுறி, பிஎச்பி நிரல்களில் காரணம் புரியாத பிழைகளை உண்டாக்கியது. அக்குறியின்றிச் சேமிக்கும் வசதிக்காகவே நோட்பேட்++ பக்கம் வந்தோரும் உண்டு.

இத்திருத்தி மாணவருக்குத் தரும் ஒரு பாடமும் உள்ளது. 'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள். அதே சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து ஒருங்குறிக் குறியீடுகளால் அச்சொல் அமைந்துள்ளதே காரணம். யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே நோட்பேட்++ கீழ்ப்பட்டை அதன் நீளத்தை 15 எனக் காட்டும். மூன்று விடைகளும் சரியானவையே. ஆங்கில எடுத்துக்காட்டுகளை மட்டும் பார்த்த மாணவருக்கு இவ்வேறுபாடு புலப்பட வாய்ப்பில்லை.

கருத்தெடுப்புகள் காட்டுவதும் காட்டாததும்

நிரலர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2015இல் நடத்திய கருத்தெடுப்பில், திருத்தி பற்றிய கேள்விக்கு விடையளித்த 26,086 பேரில் 34.7 விழுக்காட்டினர் நோட்பேட்++ பயன்படுத்துவதாகக் கூறினர். அவ்வாண்டில் அதுவே முதலிடம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விஷுவல் ஸ்டுடியோ கோட் திருத்தியை அறிவித்ததும் அதே ஆண்டில்தான். 2018இல் அது மிகச் சிறிய வேறுபாட்டில் முந்தியது. 2021இல் விடையளித்தோரில் பத்தில் ஏழு பேர் அதனைப் பயன்படுத்தினர். நோட்பேட்++ ஏறத்தாழப் பத்தில் மூன்று பேரிடம் இருந்தது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட திருத்திகளைக் குறிப்பிடலாம் என்பதால், பெரிய திருத்தியுடன் எளிய திருத்தியையும் பலர் வைத்துள்ளனர் என்று கொள்ளலாம்.

இவ்வெண்களை அப்படியே ஏற்பதில் ஒரு கவனம் தேவை. இவை ஆங்கிலத்தில் நடந்தவை. பெரும்பாலும் தொழில்முறை நிரலர்கள் விடையளித்தவை. அவர்களின் கணினிகள் புதியவை. விஷுவல் ஸ்டுடியோ கோட் ஓர் உலாவியின் உள்ளமைப்பைத் தன்னுள் கொண்டு இயங்குவது. நினைவகம் மிகுந்த கணினியில் அது உறுத்தாது. விலையில்லா மடிக்கணினியில் தமிழ்வழியில் படித்த மாணவரின் கருத்து இக்கணக்கில் இடம்பெறுவது அரிது.

இன்றைய நிலை

நோட்பேட்++ இன்றும் புதிய பதிப்புகளைக் கண்டு வருகிறது. பெரிய திட்டங்களுக்குப் பெரிய சூழல்களே ஏற்றவை. ஒரு கோப்பைத் திறந்து நான்கு வரிகளைத் திருத்தவும், குறிமுறையைச் சரிபார்க்கவும், பழைய கணினியில் வேலை செய்யவும் எளிய திருத்தி போதும். 'இது மெதுவானது', 'இது பழமையானது' என்னும் கருத்துகளை மதிப்பிடும்போது அவற்றைக் கூறியவரின் கணினி எத்தகையது, அவர் எம்மொழியில் எழுதுகிறார் என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளி ஆய்வகத்துக்கு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியருக்கு உலகக் கருத்தெடுப்பின் முதலிடத்தைவிட, தம் ஆய்வகக் கணினியில் அது எத்தனை நொடியில் திறக்கிறது என்பதும், 'தமிழ்' என்று எழுதிச் சேமித்து மீண்டும் திறந்தால் அச்சொல் அப்படியே இருக்கிறதா என்பதும் பயனுள்ள சோதனைகளாகும்.